மார்கழியில் நின்றுபோன வாழை: குளிரா, முடிக்கொத்தா?

தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பகுதி வாழைக்கு ஆண்டில் இரண்டு குளிர்ச்சியான பருவங்கள் உண்டு. ஆனி முதல் ஆவணி வரை சாரல் பருவம். கணவாய் வழியாக வரும் காற்றும், நாள் கணக்கில் வெயில் காட்டாத வானமும் அதன் அடையாளம். கார்த்திகை முதல் தை வரை வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் அதைத் தொடரும் பனியும். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு இரண்டுமே சுகம். வாழைக்கு இரண்டுமே சோதனை.

இந்தப் பகுதியில் உறைபனி கிடையாது. எனவே குளிரால் மட்டும் வாழை சாவதில்லை, வளர்ச்சி மந்தமாகிறது. அப்படி மந்தமாகும்போது மரம் எந்த வயதில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே நட்டம் கூடுவதும் குறைவதும். இந்த இதழுக்கு வந்த குளிர்கால வாழைக் கேள்விகளில் ஐந்து, பதில்களுடன் இங்கே தரப்படுகின்றன.

கேள்வி 1: மலையடிவாரத்தில் ஒரு ஏக்கரில் ஏத்தன் வாழை. ஆவணிக் கடைசியில் நட்டது. கார்த்திகை மழைக்குப் பிறகு புது இலைகள் சிறுத்து, உச்சியில் நெருக்கமாக வருகின்றன. பக்கத்துத் தோட்டக்காரர், "இது முடிக்கொத்து நோய், உடனே தோண்டி எறி" என்கிறார். வீட்டில் பெரியவர்கள், "பனிதான், தை பிறந்தால் சரியாகும்" என்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி நட்டது. தோண்டுவதா, விடுவதா?

பதில்: அவசரப்பட்டுத் தோண்டினால் நல்ல மரம் போகும். நோயைக் குளிர் என்று நினைத்து விட்டுவைத்தால் தோட்டமே போகும். ஒரு ஏக்கரில் ஆறடிக்கு ஆறடி நட்டிருந்தால் ஏறக்குறைய 1,200 மரம் நிற்கும். ஒரு காலை நேரம் ஒதுக்கி, கீழே உள்ள அடையாளங்களைப் பார்த்தபின் முடிவெடுக்க வேண்டும்.

முதலில், தோட்டம் முழுவதையும் வரிசை வரிசையாக நடந்து பார்க்க வேண்டும். குளிரின் பாதிப்பு எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். தாழ்வான, ஈரம் நிற்கும் பகுதியில் சற்றுக் கூடுதலாகத் தெரியும். நோய் அப்படி வராது. இங்கொன்று அங்கொன்றாகத் தொடங்கி, பிறகு அடுத்தடுத்த மரங்களுக்குப் பரவும். நல்ல மரங்களுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் குட்டையாக நின்றால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, இலைக் காம்பையும் நடு நரம்பின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். மேலே படிந்திருக்கும் வெண்மாவைத் துணியால் துடைத்துவிட்டால் தெளிவாகத் தெரியும். கரும்பச்சை நிறத்தில் புள்ளியும் கோடுமாக, தந்தி அடித்தது போல வரி வரியாக இருந்தால் அது முடிக்கொத்து. இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் பக்க நரம்புகளிலும் இந்தக் கோடுகள் தெரியும். நடு நரம்பைச் சேரும் இடத்தில் அவை தூண்டில் முள் போல வளைந்திருக்கும். குளிரில் நின்ற மரத்தில் இந்தக் கரும்பச்சைக் கோடுகள் இருக்கவே இருக்காது.

மூன்றாவது, இலையின் தன்மை. முடிக்கொத்து வந்த இலை குறுகி, விறைத்து, மேல்நோக்கி நிற்கும். விளிம்பு மஞ்சளாகும். கையால் மடக்கினால் முறியும். குளிரில் வந்த இலை சிறியதாக, வெளிறி இருக்கலாம். ஆனால் வழக்கம்போல் வளைந்து கொடுக்கும்.

நான்காவது, பக்கக் கன்று. நோயுள்ள தாய் மரத்தின் கன்றுகள் முளைக்கும்போதே கொத்தாக இருக்கும். குளிரில் நின்ற மரத்தின் கன்றுகள் ஒழுங்காக இருக்கும்.

இந்த நான்கையும் பார்த்தபின் வேரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது. மரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மண்வெட்டியால் ஒரு கொத்து எடுத்தால் போதும். வேர் வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. கறுத்து, உருவினால் தோல் கழன்று வந்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கிறது என்று பொருள். கார்த்திகை மழைக்குப் பிறகு "குளிர்" என்று சொல்லப்படுவதில் இப்படி வேர் மூச்சுத் திணறி நிற்பதும் உண்டு. வடிகால் வெட்டினால் அது சரியாகும்.

கரும்பச்சைக் கோடு தெரிந்த மரத்துக்கு மருந்து கிடையாது. அதை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது. ஆனால் எடுப்பதிலும் முறை உண்டு. இந்த வைரஸைப் பரப்புவது வாழை அசுவினி. மரத்தை வெட்டிச் சாய்த்தவுடன் அசுவினி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். எனவே முதலில் உள்ளூர் தோட்டக்கலை அலுவலர் சொல்லும் மருந்தைக் குருத்திலும் அடித்தண்டிலும் தெளித்து அசுவினியை அழிக்க வேண்டும். பிறகே கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி துளிர்க்காதபடி அழிக்க வேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து யாருக்கும் கன்று கொடுக்கக் கூடாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று பார்த்துக் கொடுக்கும் ஒரு கன்று இன்னொரு ஊருக்கே நோயைக் கொண்டுபோய்விடும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. முடிக்கொத்து நோய் 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. பிறகு அது கீழ்ப் பழனி மலைக்கு ஏறியது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பிக்கு ஊடே வளர்ந்த விருப்பாட்சி வாழையில் பெரும்பகுதியை அழித்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன அந்த மலைவாழை, மலைக் குளிரை வழிவழியாகத் தாங்கி வந்தது. குளிருக்குத் தோற்காத வாழை, கன்றோடு வந்த வைரஸுக்குத் தோற்றது.

கேள்வி கேட்டவரின் தோட்டத்தில் கரும்பச்சைக் கோடு எங்கும் இல்லையென்றால் ஒரு மரத்தையும் தொட வேண்டாம். ஆவணிக் கடைசியில் நட்ட ஏத்தனுக்கு மார்கழியில் நான்கு மாத வயதுகூட நிறையவில்லை. குலைக்கான மொட்டு இன்னும் தண்டுக்குள் உருவாகத் தொடங்கியிருக்காது. எனவே இப்போதைய குளிர் தாரின் சீப்புகளைக் குறைக்காது. சில வாரத் தாமதம் மட்டுமே ஏற்படும். ஓணச் சந்தையைக் குறிவைத்து நட்டவர்கள் இந்தத் தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி 2: குளிரைத் தாங்கும் ரகம் எது? எல்லா வாழைக்கும் குளிர் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. நாம் உண்ணும் வாழை ரகங்களுக்கு இரண்டு காட்டு மூதாதைகள் உண்டு. ஒன்று முசா அக்யூமினேட்டா. சுருக்கமாக 'ஏ' வழி. இன்னொன்று முசா பால்பிசியானா, 'பி' வழி. வறட்சி, குளிர் போன்ற கடினமான சூழலைத் தாங்கும் குணம் பெரும்பாலும் 'பி' வழியில் வருவது.

மொந்தனும் கற்பூரவள்ளியும் 'ஏபிபி' வகை. 'பி' பங்கு கூடுதல். குளிர்ந்த மாதங்களில் இவை மந்தமானாலும் சீக்கிரம் தேறிவிடும். இலைப்புள்ளி நோயையும் ஓரளவு தாங்கும். ஆனால் இரண்டுக்கும் வாடல் நோய் எளிதில் வரும். முன்பு வாடல் நோய் கண்ட நிலத்தில் குளிரைத் தாங்கும் என்பதற்காக இவற்றை நடுவது தவறு.

பூவன், ரஸ்தாளி, ஏத்தன், விருப்பாட்சி ஆகியவை 'ஏஏபி' வகை. எழுத்து ஒன்றானாலும் குணம் வேறு. விருப்பாட்சி மலைக்கே உரியது. பூவன் நடுத்தரம். ஏத்தனுக்கும் ரஸ்தாளிக்கும் கூடுதல் கவனிப்பு வேண்டும்.

ரோபஸ்டா, ஜி-9, செவ்வாழை மூன்றும் 'ஏஏஏ' வகை. குளிரை அதிகம் உணர்பவை இவையே. குட்டை ரகங்களில் குலை வெளிவரும் நேரத்தில் கடும் குளிர் வந்தால் தார் தண்டின் தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும். இதைத் தொண்டை அடைப்பு என்பார்கள். வட மாநிலங்களில் இது அதிகம். தென்காசிச் சமவெளியில் அரிது என்றாலும், மலையடிவாரத்தில் நீர்ப் பற்றாக்குறையும் சேர்ந்தால் தார் பாதி வெளிவந்து நிற்பதைப் பார்க்கலாம்.

கேள்வி 3: சாரல் காற்றுக்கும் மார்கழிப் பனிக்கும் தப்பிக்க எந்த மாதம் நடுவது நல்லது?

பதில்: இரண்டுக்கும் முழுவதாகத் தப்பிக்கும் மாதம் கிடையாது. எதை எந்த வயதில் சந்திப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

வாழைக்கு உகந்த வெப்பம் 27 டிகிரி செல்சியஸை ஒட்டியது. 16 டிகிரிக்குக் கீழே போனால் புது இலை விடுவது மிகவும் மந்தமாகும். வெயில் காலத்தில் மாதம் நான்கு இலை விடும் மரம், குளிர்ந்த, வெயிலற்ற மாதங்களில் இரண்டு மூன்றோடு நின்றுகொள்ளும். குலை வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே, இன்னும் பத்துப் பன்னிரண்டு இலை வர வேண்டியிருக்கும்போதே, தண்டுக்குள் மொட்டு உருவாகிவிடுகிறது. எத்தனை சீப்பு என்பது அப்போதே முடிவாகிறது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் குளிர் மாதங்களில் உருவான மொட்டு நவம்பரில் குலை தள்ளும்போது சீப்பு குறைந்து, காய் கோணலாக வரும். அந்த மாதத்தின் பெயரையே அந்தக் கோளாறுக்கு அங்கே வைத்திருக்கிறார்கள். அங்குள்ள குளிர் நம் பகுதியில் இல்லை. ஆனால் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

ஏத்தன் 10 முதல் 11 மாதப் பயிர். ஆவணி, புரட்டாசியில் நட்டால் கன்றுப் பருவத்தில் பனியைக் கடக்கும். மொட்டு உருவாவது மாசி, பங்குனியில், நல்ல வெப்பம். ஓணச் சந்தைக்குத் தார் கிடைக்கும். ஆனால் சாரல் காற்று வீசும்போது மரத்தில் பாரத்தோடு தார் தொங்கும். முட்டுக் கொடுக்கும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்காதவர் இந்தப் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அதே ஏத்தனைச் சித்திரை, வைகாசியில் நட்டால் சாரல் காற்றின்போது மரத்தில் தார் இருக்காது. கார்த்திகை, மார்கழியில் குலை தள்ளும். காய் திரள்வது முழுவதும் பனியில் நடக்கும். அறுவடை தள்ளிப்போகும். இலைப்புள்ளி நோயைக் கட்டுப்படுத்தாவிட்டால் காய் சிறுத்துவிடும். தை, மாசியில் நடுவது நடுவழி. குலை தள்ளும்போது சாரல் காற்றின் வேகம் குறைந்திருக்கும். அறுவடை கார்த்திகை, மார்கழியில் முடிந்துவிடும்.

கற்பூரவள்ளிக்கு 14 முதல் 16 மாதம் ஆகும். மாசியில் நட்டால் அடுத்த தையை ஒட்டிக் குலை தள்ளி, பங்குனி, சித்திரை வெயிலில் திரண்டு, பெரும்பாலும் சாரல் காற்று பலப்படும் முன் வெட்டுக்கு வந்துவிடும். செவ்வாழை இன்னும் நீண்ட பயிர். 16 முதல் 18 மாதம். அதைக் கார்த்திகையில், வடிகால் உள்ள மேட்டு நிலத்தில் நடலாம். தண்ணீர் நிற்கும் நிலத்தில் அந்த மாதம் நட்டால் கிழங்கு அழுகும். இந்தக் கணக்கெல்லாம் தோராயமானது. கன்றின் வயது, உரம், பாசனத்தைப் பொறுத்து ஒரு மாதம் முன்பின் ஆகும்.

எந்தப் பட்டமானாலும், காற்று வரும் மேற்குப் பக்கத்தில் அகத்தியோ சவுக்கோ இரண்டு வரிசை இருப்பது நல்லது. பயிர்க் காப்பீட்டில் வாழை அறிவிக்கப்பட்டுள்ள பிர்க்காக்களில், தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி செலுத்தும் பங்கு காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். கடைசித் தேதியை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டு, காற்று தொடங்குமுன் பதிவு செய்துவிட வேண்டும்.

கேள்வி 4: இப்போது மரத்தில் தார் இருக்கிறது. காய் திரளவே மாட்டேன் என்கிறது. வெட்டினாலும் சீராகப் பழுப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வெயில் காலத்தில் குலை தள்ளி 90 நாள் அளவில் வெட்டுக்கு வரும் தார், குளிர்ந்த மாதங்களில் 110, 120 நாள் எடுப்பது இயல்பு. நாளை எண்ணி வெட்டாமல், காயின் முனைப்பு மழுங்கி உருண்டிருப்பதைப் பார்த்து வெட்ட வேண்டும்.

தார் திரள இலை வேண்டும். குலை தள்ளும்போது மரத்தில் குறைந்தது எட்டு நல்ல இலை இருக்க வேண்டும். ஈரமும் பனியும் சேரும் இந்த மாதங்களில் சிகடோகா இலைப்புள்ளி நோய்தான் இலையைத் தின்கிறது. முதலில் மஞ்சள் கீற்று, பிறகு நடுவில் சாம்பல் நிறப் புள்ளி, கடைசியில் இலை முழுவதும் கருகல். கருகிய இலையை அறுத்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். பிறகு லிட்டருக்கு 1 மி.லி. புரோபிகோனசோல் அல்லது 2 கிராம் மான்கோசெப் கலந்து தெளிக்கலாம். வாழை இலையில் மருந்து ஒட்டாமல் வழுக்கி ஓடும். 10 லிட்டருக்கு 5 மி.லி. ஒட்டுத் திரவம் கட்டாயம். ஒரே மருந்தைத் தொடர்ந்து அடிக்காமல், மாதம் ஒருமுறை மாற்றி மாற்றித் தெளிக்க வேண்டும். இலை வெட்டி விற்கிறவர்கள் மருந்து அடித்த மரத்தில் இலை எடுக்கக் கூடாது.

கடைசிச் சீப்பு விரிந்ததும் வாழைப்பூவை ஒடித்துவிட்டு, ஒளி ஊடுருவும் பாலிதீன் உறையால் தாரை மூடலாம். உள்ளே கதகதப்பு கூடிக் காய் சீராகத் திரளும். உறையில் காற்றுத் துளைகள் குளிர்காலத்தில் 2 சதவீதமும் வெயில் காலத்தில் 4 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. துளையில்லாத உறையைக் கட்டினால் உள்ளே வியர்த்துக் காய் அழுகும்.

வளர்ச்சி நின்ற மரத்துக்கு யூரியாவை அள்ளிக் கொட்டுவதில் பயனில்லை. குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அதை எடுக்காது. மழையில் கரைந்து போய்விடும். யூரியாவைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பொட்டாஷ் தவணையைத் தவறவிடக் கூடாது. காய் திரள அதுவே ஆதாரம்.

பழுக்க வைப்பதில் ஒரு எச்சரிக்கை. 13 டிகிரிக்குக் கீழே வைத்த வாழைக்காயின் தோல் சாம்பல் பூத்துக் கறுக்கும். பிறகு வெளியே எடுத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காயை வைக்கக் கூடாததற்குக் காரணம் இதுதான். சீராகப் பழுக்கவில்லை என்று கார்பைடு கல் வைப்பது சட்டப்படி குற்றம், உடலுக்கும் கேடு. பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதி உண்டு. சிறு விவசாயிக்கு வழக்கமான புகைமூட்டமே போதும். இந்த மாதங்களில் ஒரு நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவே.

கேள்வி 5: மகள் கனடாவில் டொராண்டோவில் இருக்கிறாள். வீட்டில் வாழை வளர்க்க ஆசைப்படுகிறாள். ஊரிலிருந்து ஒரு கன்று கொடுத்தனுப்பலாமா? பனிக்காலத்தில் அது பிழைக்குமா?

பதில்: கன்று கொடுத்தனுப்பக் கூடாது. அனுமதியின்றிச் செடி கொண்டுபோவது அங்கே சட்டவிரோதம். முடிக்கொத்து போன்ற நோய்கள் கடல் கடந்ததே இப்படிக் கன்றுகள் வழியாகத்தான். குட்டைக் கேவண்டிஷ் ரகத்தை அங்குள்ள நாற்றங்காலிலேயே வாங்கலாம்.

பெரிய தொட்டியில் நட்டு, கோடையில் வெளியே வெயிலில் வைக்கலாம். இரவு வெப்பம் 10 டிகிரிக்கு இறங்குமுன் வீட்டுக்குள் வெளிச்சமான சன்னல் ஓரம் கொண்டுவந்துவிட வேண்டும். குளிர்காலத்தில் தண்ணீர் மிகக் குறைவாக, மேல்மண் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். உரம் வேண்டாம். இலை இரண்டு மூன்று பழுத்தாலும் கிழங்கு உயிரோடு இருந்தால் வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். ஜப்பானில் முசா பாஸ்ஜூ என்ற வாழையின் தண்டை வைக்கோலால் சுற்றிப் பனிக்காலத்தைக் கடத்துகிறார்கள். மேலே உள்ளது கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். அதன் பழம் உண்ண உதவாது. டொராண்டோ தொட்டி வாழையிலும் தாரை எதிர்பார்க்க வேண்டாம்; பொங்கலன்று படையலுக்கு ஓர் இலை கிடைத்தால் அதுவே லாபம்.

இந்த இரு வாரத்தில் செய்ய வேண்டியவை

தோட்டம் முழுவதும் ஒருமுறை நடந்து, இலைக் காம்பில் கரும்பச்சைக் கோடு உள்ளதா என்று மரம் மரமாகப் பார்த்தல்.

வரிசைக்கு ஒரு மரம் வீதம் தேர்ந்தெடுத்து, கடைசியாக விரிந்த இலையின் காம்பில் சுண்ணாம்பால் அடையாளம் இட்டு, தேதியைக் குறித்தல். ஒரு மாதம் கழித்து அதற்கு மேலே எத்தனை இலை வந்தது என்று எண்ணினால் மரம் நிற்கிறதா, நகர்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். தை முடிவில் எண்ணிக்கை கூடினால் குளிர்தான் காரணம். கூடாவிட்டால் வேரையும் கிழங்கையும் பார்க்க வேண்டும்.

மழைநீர் இரண்டு நாளுக்கு மேல் தேங்கும் இடங்களில் வடிகால் வெட்டுதல். மழை விட்டபின் பாசன இடைவெளியைக் கூட்டுதல்.

கருகிய இலைகளை அறுத்து எரித்தல். நல்ல இலையைச் சேர்த்து அறுக்காதிருத்தல்.

தை, மாசியில் நட இருப்பவர்கள் கன்றுக்கு இப்போதே ஏற்பாடு செய்தல். நோயற்ற தாய் மரத்தின் ஈட்டிக் கன்றாக இருக்க வேண்டும். அல்லது வைரஸ் பரிசோதனைச் சான்று பெற்ற திசு வளர்ப்புக் கன்றாக இருக்க வேண்டும். கன்று எடுக்கும் தோட்டத்தை விலை பேசுமுன் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. குளிரில் நின்ற மரம் வெயில் வந்தால் நகரும். நோயோடு வந்த கன்றை எந்த வெயிலும் காப்பாற்றாது.